குச்சிக்கிழங்கு வயலும் செல்லின் உட்கருவும்

சேலத்து ஜவ்வரிசி போர்க்காலத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் வசமானதும், அங்கிருந்து வந்த ஜவ்வரிசிச் சரக்கு நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து தொழிலைத் தொடங்கினார். குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளியை அரைத்து, பாலை வடிகட்டித் தெளியவிட்டு, மாவைக் குருணையாக உருட்டி வறுத்தார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு போட்டவர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று, ஆலையில் மாவுச்சத்தை அளந்து சொல்லும் 'பாயிண்ட்'. மற்றது தேமல் நோய். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப்பட்டு, கோணிச் சிறுத்துப்போகும், கிழங்கு இறங்காது.

தேமலைத் தரும் வைரஸை வெள்ளை ஈ சுமந்து வருகிறது. அதன் மரபுப்பொருள் வட்டமான ஒற்றை இழை டி.என்.ஏ. அதைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி அதனிடம் கிடையாது. ஆகவே மரவள்ளிச் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, செடியின் நொதியையே வேலை வாங்குகிறது.

அந்த நொதிகள் எங்கே இருக்கின்றன என்பது மெல்லத்தான் தெரிந்தது. 1960-ல் கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் பானர் குழு பட்டாணிச் செடியிலிருந்து எடுத்த சாற்றில் ஆர்.என்.ஏ. உருவாவதைக் காட்டியது. 1969-ல் ராபர்ட் ரோடரும் வில்லியம் ரட்டரும், விலங்குச் செல்களில் இந்த நொதி மூன்று வகை என்றார்கள். முதலாவது உட்கருவுக்குள் உள்ள உட்கருமணியில் இருக்கிறது. புரதங்களுக்கான செய்தியை எழுதும் இரண்டாவது அதற்கு வெளியே, உட்கருச் சாற்றில். செடிகளிலும் அப்படித்தான். தேமல் வைரஸ் தேடிப்போவது இந்த இரண்டாவதைத்தான். பசுங்கணிகத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தனி நொதிகள் உண்டு.

2005-ல் செடிகளுக்கே உரிய நான்காவது நொதி தெரியவந்தது. ஐந்தாவதும் அதனோடு சேர்ந்தது. இரண்டும் உட்கருவில்தான் இருக்கின்றன. இவை எழுதும் ஆர்.என்.ஏ.க்களின் துணையோடு செடி அந்நிய டி.என்.ஏ.வில் மெத்தில் குறி ஒட்டி, அதைப் படிக்கவிடாமல் பூட்டுப் போடுகிறது. வைரஸ் புகும் அறையிலேயே காவலும் நிற்பது வியப்பான ஏற்பாடு. ஆனால் நம் வயல்களில் அந்தக் காவல் பல நேரம் தோற்றுவிடுகிறது.

தோற்ற செடியில் வெட்டிய கரணையை நட்டால், அடுத்த பயிர் நோயோடுதான் முளைக்கும். அறுவடைச் சமயத்தில் இலை உதிர்ந்துவிட்டால் தேமல் கண்ணுக்குத் தெரியாது. செடி பசுமையாக இருக்கும்போதே நல்ல செடிகளுக்கு அடையாளம் கட்டி வையுங்கள். குச்சியை அவற்றில் மட்டும் வெட்டுங்கள்.