லோயர் ஈஸ்ட் சைடு: ஒரு நகர மையத்தின் மக்கள் அடர்த்தி

லோயர் ஈஸ்ட் சைடு என்பது நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில் தென்கிழக்கே அமைந்த பழைய குடியிருப்புப் பகுதியாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது உலகின் மிக நெரிசலான நகர்ப்பகுதிகளுள் ஒன்றாக இருந்தது.

நெரிசலின் காரணங்கள்

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்தும், பின்னர் இத்தாலி, கிழக்கு ஐரோப்பா ஆகியவற்றிலிருந்தும் வந்தோர் இங்குக் குடியேறினர். துறைமுகமும் தையல் பட்டறைகளும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. தொழிலாளர்கள் 'டெனமென்ட்' எனப்பட்ட பல மாடி வாடகைக் கட்டடங்களில் வசித்தனர். ஆர்ச்சர்டு தெருவின் 97ஆம் எண் கட்டடம் 1863இல் எழுந்தது. அதில் ஒரு வீடு என்பது மூன்று அறைகள், ஏறத்தாழ 325 சதுர அடி. இத்தகைய வீடுகளில் வாடகையைச் சமாளிக்கப் பல குடும்பங்கள் வெளியாட்களையும் தங்க வைத்துக்கொண்டன. சில வீடுகளில் தையல் வேலையும் நடந்தது.

மக்கள்தொகைச் சரிவு

மன்ஹாட்டனின் மக்கள்தொகை 1910இல் 23,31,542 ஆக உச்சத்தை எட்டி, 1930இல் 18,67,312 ஆகக் குறைந்தது. 1903இல் திறக்கப்பட்ட வில்லியம்ஸ்பர்க் பாலமும் 1904இல் தொடங்கிய சுரங்க ரயிலும், வேலையிடத்தை விட்டுத் தொலைவில் குடியிருக்க வழி செய்தன. 1921, 1924ஆம் ஆண்டுச் சட்டங்கள் புதிய குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின.

1901ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் வெளிச்சம், காற்றோட்டம், கழிப்பறை, தீப்பாதுகாப்பு ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தது. விதிகள் மேலும் இறுகியபோது சில உரிமையாளர்கள் செலவு செய்ய முன்வரவில்லை. ஆர்ச்சர்டு தெருக் கட்டடத்தின் உரிமையாளர் 1935இல் குடியிருந்தோரை வெளியேற்றி மேல்தளங்களை மூடினார். அதுவரை அங்கு வாழ்ந்து சென்றோர் ஏறத்தாழ 7,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. இன்று அது அருங்காட்சியகமாக உள்ளது.

அடர்த்தி காட்டுவதும் காட்டாததும்

1980இல் 14,28,285 வரை சரிந்த மன்ஹாட்டனின் மக்கள்தொகை, 2020இல் 16,94,251 ஆக உயர்ந்தது. வானளாவிய கட்டடங்கள் பெருகியும் 1910இன் அளவை அது எட்டவில்லை. குடும்பங்கள் சிறுத்ததும், ஒருவருக்கான இடம் கூடியதும், பல இடங்கள் அலுவலகங்களானதும் இதற்குக் காரணங்கள். ஆகவே, ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் என்ற எண் மட்டும் வாழ்க்கைத் தரத்தைச் சொல்லிவிடாது. ஓர் அறையில் எத்தனை பேர் என்பதே நெரிசலைக் காட்டும். அடர்த்தி குறைந்தபோது நல்ல வீடு தேடித் தாமே சென்றவர்களும் உண்டு; இருந்த வீட்டை இழந்தவர்களும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் இரண்டும் ஒரே சரிவாகவே பதிவாகின்றன.