மூலநிறம் எது?

பழைய விளையாட்டுக் கார்களைச் சேகரிப்போரிடையே ஒரு விதி உண்டு: தொழிற்சாலை பூசிய நிறத்தை மாற்றலாகாது. எஞ்சின் எண், இருக்கையின் தோல், மேனியின் வண்ணம் என்று பிறந்தநாளில் பதிவேட்டில் எழுதப்பட்டதே அவர்களுக்கு மூலபாடம், மற்றவை இடைச்செருகல். சிவப்புக்குத்தான் மதிப்பு என்று நம்பி ஒரு தலைமுறை சிவப்பாக்கிய ஃபெராரிகளை அடுத்த தலைமுறை பெரும் பொருட்செலவில் சுரண்டிப் பழைய நிறத்துக்கு மீட்டது. இந்த விதியோடு நமக்கும் பெரிய பிணக்கில்லை. ஆனால் ஒரு கார் இதைத் தலைகீழாக நிறுத்திவிடுகிறது.

அமெரிக்கப் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் 1968-ல் 3,500 டாலர் கொடுத்து, பிறர் ஓட்டிய வண்டி ஒன்றை வாங்கினார். 1964-ஆம் ஆண்டின் போர்ஷே 356 சி. கூரையை மடக்கித் திறந்துகொள்ளும் வகை. 356 என்பது அந்த நிறுவனம் தன் பெயரில் வெளியிட்ட முதல் மாதிரி. 1948-ல் தொடங்கி 1965 வரை சுமார் 76,000 வண்டிகள் செய்தார்கள். கூரிய விளிம்பே இல்லாத, ஆற்றுக் கூழாங்கல் போன்ற உடல். இந்த வண்டிக்குத் தொழிற்சாலை அளித்த நிறம் 'டால்பின் சாம்பல்'. ஜெர்மானிய அடக்கத்துக்குப் பொருத்தமானதுதான்; ஜாப்ளினுக்குப் பொருந்துமா?

இசைக்குழுவின் மேடைப் பணியாளரான டேவ் ரிச்சர்ட்ஸிடம் 500 டாலர் கொடுத்து வண்டி முழுவதையும் வரையச் சொன்னார். வண்ணத்துப்பூச்சிகள், கலிஃபோர்னிய நிலக்காட்சி, முன்சக்கரத்தின் மேல்வளைவில் ஜாப்ளினும் அவருடைய குழுவினரும் என்று ஓரங்குலம்கூட விடாமல் நிரப்பினார் ரிச்சர்ட்ஸ். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிரபஞ்ச வரலாறு'. ஜாப்ளின் இதைக் காட்சிக்கு வைக்கவில்லை, தினமும் ஓட்டினார். சான் ஃபிரான்சிஸ்கோவில் வண்டி நின்ற இடத்தைக் கண்டு ரசிகர்கள் அவர் இருப்பிடத்தை அறிந்தார்கள். கண்ணாடித் துடைப்பானில் கடிதங்களைச் செருகிவிட்டுப் போனார்கள்.

ஒருமுறை வண்டி திருடு போயிற்று. இத்தனை அடையாளத்தோடு எங்கே ஓட்டுவது? திருடன் அவசரமாகச் சாம்பல் வண்ணத்தைத் தெளித்து ஓவியத்தை மூடிவிட்டான். வண்டி அகப்பட்டதும், ஓவியத்தின் மேலிருந்த தெளிபூச்சின் உதவியால் ரிச்சர்ட்ஸ் சாம்பலை அகற்றித் தம் ஓவியத்தை மீட்டார்.

1970 அக்டோபர் 1 அன்று, கடவுளிடம் ஒரு மெர்சிடிஸ் கேட்கும் பாடலை வாத்தியங்கள் இன்றி ஒலிப்பதிவு செய்தார் ஜாப்ளின். அக்டோபர் 4 அன்று ஹாலிவுட் விடுதியறையில் இறந்தார். வயது 27. வெளியே, வாகனங்கள் நிறுத்துமிடத்தில் போர்ஷே நின்றிருந்தது.

பின்னர் வண்டி தம்பி மைக்கேலிடமும் தங்கை லாராவிடமும் வந்து சேர்ந்தது. ஓவியம் செதில் செதிலாக உதிரத் தொடங்கியிருந்தது. குடும்பத்தார் அதை நீக்கிவிட்டு, வண்டிக்கு மறுபடியும் டால்பின் சாம்பலையே பூசினார்கள். சேகரிப்பாளரின் விதிப்படி இதில் குற்றமே இல்லை, மூலபாடத்துக்குத்தான் திரும்பினார்கள். ஆயினும், திருடன் செய்ததும் ஏறக்குறைய இதுவே என்ற எண்ணத்தை நம்மால் தவிர்க்க முடியவில்லை. அவனாவது ஓவியத்தை அடியில் விட்டுவைத்தான்! குடும்பத்தாரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தினமும் வெயிலில் ஓடுவதற்கென்று வரையப்பட்ட ஓவியத்தை எத்தனை காலம்தான் காப்பது?

சாம்பல் நிற வண்டியில் அக்காள் இல்லை என்பதை அவர்களே உணர்ந்தார்கள் போலும். 1990-களில் டென்வர் நகர நாடகக் குழுவைச் சேர்ந்த கலைஞர்கள் இருவரைக் கொண்டு, பழைய புகைப்படங்களைப் பார்த்து 'பிரபஞ்ச வரலாறு' முழுவதையும் மறுபடி வரையச் செய்தார்கள். 1995 முதல் கிளீவ்லாந்திலுள்ள ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகத்தில் அது நின்றது. 2015 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது நான்கு முதல் ஆறு லட்சம் டாலர் வரை போகும் என்றார்கள். போன விலை 17,60,000 டாலர்.

அதே மாதிரி போர்ஷே, பிறந்த நிறத்தோடு பழுதின்றி நின்றிருந்தாலும் இதன் அருகில் வந்திராது. பதிவேட்டில் இன்றும் டால்பின் சாம்பல் என்றே இருக்கும். வாங்கியவருக்குக் கிடைத்த வண்ணமோ தொழிற்சாலையுடையதுமன்று, ரிச்சர்ட்ஸின் கை தீட்டியதுமன்று. ஜாப்ளின் தொட்டு ஓட்டிய அந்த வண்ணத்தின் ஒரு துளிகூட அந்தத் தகட்டில் இல்லை.