கொட்டகையும் கூடமும்

கம்பம் பள்ளத்தாக்கில் சத்தத்துக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. ஆடி மாதக் காற்று ஒன்று போதும். தென்னந்தோப்புக்குள் புகுந்து அது செய்கிற ஆர்ப்பாட்டத்தில், அதே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அப்பேர்ப்பட்ட சீமையில் காசு கொடுத்துச் சத்தத்தை வாங்கி, வீட்டுக் கூடத்தில் நாலா பக்கமும் நிறுத்தி வைத்திருக்கிறான் என் பெரியப்பா மகன். ஊர் அனுமந்தன்பட்டி, உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையில் இருக்கிறது.

சென்ற மாதம் போயிருந்தபோது, வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, புதுசா சரவுண்ட் பிராசஸர் வாங்கியிருக்கேன். அதக் கேட்டுட்டுத்தான் சாப்பாடு."

பசியோடு கேட்கிற சங்கீதம் எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன்.

பிராசஸர் என்பது பார்வைக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். அது தானாகப் பாடாது. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தரையை அதிரவைக்க மூலையில் ஒன்று என்று ஆறு ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. அந்த ஆறுக்கும் இது நாடகக் கம்பெனி வாத்தியார் மாதிரி. யார் எப்போது வாயைத் திறக்க வேண்டும், எவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இதன் உத்தரவு.

தம்பி ஒரு சிறு மைக்கை நாற்காலியில் வைத்தான். ஒவ்வொரு ஒலிபெருக்கியும் முறை வைத்து 'உஸ்' என்றது. அந்த 'உஸ்' வந்து சேரும் நேரத்தைக் கொண்டு பெட்டி தூரத்தைக் கணக்கிட்டுவிடுகிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும். அருகில் இருக்கும் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, தூரத்தில் இருப்பதோடு சேர்ந்து பேசவைக்கிறது பெட்டி.

கதவோரம் கயிற்றுக் கட்டிலில் இருந்த பெரியப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னடா, லூப் சரி பண்றானா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. பெரியப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். 35 மில்லிமீட்டர் பிலிமில் படத்துக்கு நேராக அதன் ஒலி இருப்பதில்லை; சுமார் 20 கட்டம் முன்னால் இருக்கும். வினாடிக்கு 24 கட்டம் ஓடுகிறது. படம் தெரியும் இடத்துக்கும் ஒலியைப் படிக்கும் இடத்துக்கும் நடுவே பிலிமை எவ்வளவு வளைவாக விடுவது என்பதை ஆபரேட்டரின் விரல்தான் அறியும். வளைவு தப்பினால் கதாநாயகி வாயை மூடிய பிறகு வசனம் வரும், கொட்டகை விசிலடிக்கும். இன்று பெட்டி செய்கிற வேலையை அன்று பெரியப்பா கையால் செய்தார்.

காதை ஏமாற்றும் இந்த வித்தைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1881-இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமான் அதேர் என்பவர் நாடக மேடையின் ஓரத்தில் டெலிபோன் வாய்களை வரிசையாக வைத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு குழாய்களை வைத்துக்கொண்டு கேட்டார்கள். பாடகர் இடமிருந்து வலம் நடப்பது காதிலேயே தெரிந்ததாம்!

அதற்கு 50 வருஷம் கழித்து, லண்டனில் ஆலன் பிளம்லைன் என்ற எஞ்சினீயர் மனைவியோடு சினிமா பார்க்கப் போனதாக ஒரு கதை சொல்வார்கள். திரையில் ஆள் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறொரு பக்கம் கேட்டது. அது அவர் மனத்தை உறுத்தியதாம். எப்படியானாலும், 1931 டிசம்பரில் இரட்டை ஒலிப்பதிவுக்கு அவர் பதிவுரிமை கோரியது நிச்சயம். அதே 1931 அக்டோபர் 31-ஆம் தேதிதான் சென்னையில் 'காளிதாஸ்' வெளிவந்தது. நம் சினிமா பேசத் தொடங்கிய வருஷத்திலேயே, அது ஒரே இடத்திலிருந்து பேசினால் போதாது என்று ஒருவர் நினைத்துவிட்டார்.

1933-இல் அமெரிக்காவில் இன்னொரு பரீட்சை நடந்தது. பிலடெல்பியாவில் வாத்தியக் கோஷ்டி வாசித்தது. ஜனங்கள் வாஷிங்டன் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் இடம், வலம் என்று இரண்டோடு நிறுத்தாமல் நடுவிலும் ஒரு ஒலிபெருக்கி வைத்தார்கள். காரணம் எளியது. இரண்டு மட்டும் இருந்தால், மண்டபத்தின் சரிநடுவில் இருப்பவனுக்குத்தான் பாட்டு நடுவிலிருந்து வருவதுபோல் கேட்கும். ஓரத்தில் இருப்பவனுக்கு அவன் பக்கத்து ஒலிபெருக்கியே எல்லாம். ஆக, நடு ஒலிபெருக்கி ஏற்பட்டதே நடுவில் இடம் கிடைக்காதவனுக்காக! தொழில்நுட்பத்தில் இப்படி ஒரு தர்மம் ஒளிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 1940-இல் வால்ட் டிஸ்னி தமது 'பான்டேஸியா'வுக்காக மண்டபத்தைச் சுற்றியும் ஒலி பரப்பினார். செலவு தாங்காமல் சில கொட்டகைகளோடு அது நின்றுவிட்டது. 1953-இல் சினிமாஸ்கோப்போடு நான்கு தட ஒலி வந்தது: திரைக்குப் பின்னால் மூன்று, ஜனங்களைச் சுற்றி ஒன்று. இதுவும் கொட்டகைக்காரர்களின் பணப்பையைக் கடித்தது.

சிக்கலை அவிழ்த்த பெயர் டால்பி. ரே டால்பி 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் சபையின் ஆலோசகராக நம் இந்தியாவில் வேலை பார்த்தவர். 1965-இல் லண்டனில் தம் கம்பெனியைத் தொடங்கினார். 1970-களில் அந்தக் கம்பெனி நான்கு ஒலிகளை இரண்டே தடத்துக்குள் மடித்து வைத்தது. நடு ஒலியை இரண்டு தடத்திலும் ஒரே முகமாகவும், சுற்று ஒலியை எதிரெதிர் முகமாகவும் எழுதினார்கள். இரண்டையும் கூட்டினால் நடு ஒலி கிடைக்கும். கழித்தால் சுற்று ஒலி கிடைக்கும். மூன்றாம் வகுப்புக் கணக்குத்தான். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' அதை உலகமெங்கும் கொண்டுபோயிற்று.

1982-இல் இதே கணக்கு வீட்டுக்குள் புகுந்தது. ஆனால் முதலில் வந்த வீட்டுப் பெட்டிகளில் நடு ஒலிபெருக்கிக்கு இடம் இல்லை. 1987-இல் வந்த புரோ லாஜிக் என்ற முறைதான் அந்தக் குறையைத் தீர்த்தது.

தமிழ் சினிமாவும் சும்மா இருக்கவில்லை. 1973-இல் 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1978-இல் 'ப்ரியா' பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடும், 1996-இல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடும் வந்தன. 2012-இல் 'சிவாஜி' முப்பரிமாணப் படமாக மறுபடி வந்தபோது ஒலி தலைக்கு மேலேயும் ஏறிவிட்டது.

ஆனால் எங்கள் டூரிங் டாக்கீஸில், திரைக்குப் பின்னால் இருந்ததுதான் ஒலி. ஆட்டம் தொடங்குமுன் கொட்டகைக்கு மேலே கட்டிய கூம்புக் குழாய் பாட ஆரம்பிக்கும். வயல் தாண்டி அது கேட்டதும், சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுவோம். அன்று ஒலி நடுவில் இருந்தது. ஜனங்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். இன்று ஒருவன் நடுவில் உட்காருகிறான். ஒலி அவனைச் சுற்றி நிற்கிறது.

தம்பி ஒரு புதுப் படத்தைப் போட்டான். முதுகுக்குப் பின்னால் மழை பெய்தது. நான் திரும்பி முற்றத்தைப் பார்த்துவிட்டேன். அங்கே நல்ல வெயில். பிரமாதம் என்றுதான் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனபோது தலையைக்கூடக் குனிந்தேன்.

பெரியப்பா மட்டும் அசையவில்லை. நாங்கள் சிரித்தபோது ஒரு கணம் தாமதித்துச் சிரித்தார். அதைக் கவனித்த பிறகு எனக்குப் படத்தில் மனம் செல்லவில்லை.

"வசனம் கேக்குதா பெரியப்பா?"

"சத்தம் கேக்குதுடா. பேச்சுதான் கேக்கல. ரெண்டு வருசமாவே அப்படித்தான்."

தம்பியின் முகம் வாடிவிட்டது. ஒரே வீட்டில் இருந்தும் அவனுக்கு இது தெரியவில்லை. எனக்கும்தான் தெரிந்திருக்கவில்லை.

பெட்டியில் நடு ஒலிபெருக்கியை மட்டும் தனியாக உயர்த்த வழி உண்டு. நான்கு டெசிபல் கூட்டினான். பெரியப்பா அந்தக் காலத்தில் ஓட்டிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் தேடிப் போட்டான். ஒரே தடத்தில் பதிவான ஒலி. பெட்டி அதை முழுக்க நடு ஒலிபெருக்கிக்கே அனுப்பிவிட்டது.

"அஞ்சு ஸ்பீக்கர் சும்மா இருக்குண்ணே" என்று முணுமுணுத்தான்.

பெரியப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை எங்களுக்கு முன்னால் சிரித்தார். அரை மணி நேரம் கழித்து, அடுத்த வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாமென்று சாத்தியிருந்த கதவைக் கைத்தடியால் தட்டினார்.

"இத ஏன்டா பூட்டி வச்சிருக்கீங்க? வெளிய கேட்டாத்தானே ஜனம் வரும்!"

தம்பி எழுந்து போய்க் கதவைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் நிலைப்படியில் வந்து நின்றார்கள். பெரியப்பா கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தார்.