புல்மோட்டைக் கருமணல்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பின் வாய்க்கு அண்மையிலுள்ள புல்மோட்டைக் கரையில், அலை பின்வாங்குந்தோறும் மை கொட்டினாற்போல் படியும் கருமணலைக் கையில் அள்ளிப் பார்த்தவர், அதன் அசாதாரணமான கனத்தை உடனே உணர்வர். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு கூடிய இல்மனைட் அது. 1957இல் கனிய மணலுக்கென அரச கூட்டுத்தாபனம் அமைந்தது. 1997 செப்டம்பரில், இம்மணலை ஏற்ற வந்த கோர்டியாலிட்டி என்னும் கப்பல் கரைக்கப்பால் தாக்குண்டது.

இம்மணலின் கதையினும் சுவையானது அதிலுள்ள தைத்தேனியம் என்னும் உலோகத்தின் பூர்வ கதை. வேல்சு நாட்டு இரும்புலைக் கசடிலே கிடைத்த செம்புநிறக் கனசதுரங்களைத் தனித் தைத்தேனியமென்று 1823இல் வேதியியலர் வொலாஸ்டன் அறிவிக்க, அறிஞர் உலகம் அதனை நம்பிற்று. 1849இல் மற்றொரு வேதியியலரான வோலர் ஆராய்ந்தபோதோ, நைதரசனும் கரியும் அதனுள்ளே ஒளிந்திருந்தமை வெளிப்பட்டது. அனலில் இவ்வுலோகத்துக்கு நைதரசன்மேல் அத்தனை மோகம்!

இவ்வாறு நைதரசனோடு சேரும் உலோகங்களுள் எளிய சான்று மகனீசியம். அது நைதரசனில் எரிகையில், உலோக அணு ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களை ஈய, நைதரசன் ஒவ்வொன்றும் மூன்றை ஏற்பதால், மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தில் அயன் சேர்மம் பிறக்கிறது; நீர் பட்டால் அமோனியா நெடி வீசும். நைதரசனோடு தைத்தேனியம் சேர்ந்த தைத்தேனிய நைத்திரைட்டிலும், தைத்தேனியம் மூன்றை ஈயுமென்று கொண்டால் ஒன்றுக்கு ஒன்று என வாய்பாடு சரியாகவே வரும். ஆயினும் அப்பொருள் மின்சாரத்தைக் கடத்துகிறது, நீருக்கு அசைவதில்லை. ஆதலின் அதனை வெறும் அயன் சேர்மமென்று எழுதிவிடுதல் எனக்கு உடன்பாடன்று. இரும்புக்கடையில் துளையிடும் அலகுகளின்மேல் பொன்னிறமாய் மின்னும் பூச்சு இதுவே.