இடுப்பில் துப்பாக்கி இல்லாத போலீஸ்

ஊரிலிருந்து லண்டனுக்கு விருந்தினர் யார் வந்தாலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு கேள்வி கேட்பார்கள்: "இந்த ஊர்ப் போலீஸ்காரர்களிடம் துப்பாக்கியே கிடையாதா?" விமான நிலையத்தில் பெரிய துப்பாக்கிகளோடு நிற்பவர்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, கடைத்தெருவில் தடியும் வாக்கி டாக்கியுமாக நடக்கிற காவலரைப் பார்த்தால் குழப்பம்தான். மேற்படிப்புக்கு வந்து, கணினி வேலையில் இங்கேயே தங்கிவிட்ட நானும் இதே கேள்வியோடுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க இன்னொரு கேள்வி பெரிதாகிவிட்டது. போலீஸ் சுட்டால், அதற்குப் பிறகு யார் யாருக்குப் பதில் சொல்வது?

முதலில் நிலவரம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம் போலீஸார் இருக்கிறார்கள். துப்பாக்கி ஏந்த அனுமதி பெற்றவர்கள் சுமார் ஆறாயிரம் பேர். நூற்றுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்கள் ஆண்டுதோறும் பல்லாயிரம் நடவடிக்கைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். அவற்றில் ஆள்மீது குண்டு பாய்ந்த சம்பவங்களைப் பெரும்பாலான ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். வட அயர்லாந்து மட்டும் விதிவிலக்கு. அங்கே எல்லாப் போலீஸாரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த வழக்கம் ராபர்ட் பீல் காலத்திலிருந்து வருகிறது. உள்துறை அமைச்சராக இருந்த அவர் 1829ல் லண்டன் மாநகரப் போலீஸை உருவாக்கினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான், 1819ல், மான்செஸ்டர் புனித பீட்டர் மைதானத்தில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து பலரைக் கொன்றிருந்தது. போலீஸ் என்றாலே அரசாங்கத்தின் இன்னொரு ராணுவம் என்று மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைத் தணிக்கவே ராணுவத்தின் சிவப்பு நிறத்தைத் தவிர்த்து நீலச் சீருடை தரப்பட்டது, கையில் மரத்தடி, தலையில் சாதாரண மனிதர்கள் அணிவது போன்ற உயரத் தொப்பி. மக்களின் சம்மதத்தோடு நடக்கும் காவல் என்று இன்றும் இங்கே பெருமையோடு சொல்லப்படுவதன் வேர் இது. 'பீலின் ஒன்பது கொள்கைகள்' என்று பாடப்புத்தகங்களில் வருபவற்றை மட்டும் பீல் எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சார்லஸ் ரீத் என்ற வரலாற்றாசிரியர் தொகுத்துக் கொடுத்தவை அவை.

இந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நம்மைத் தொடும் பக்கமும் அதுதான். அதே பீல், லண்டனுக்கு வருவதற்கு முன் அயர்லாந்தை நிர்வகித்தவர். 1814ல் அங்கே அவர் அமைத்த காவல்படை தடியோடு நிற்கவில்லை. அதன் வழியில் வளர்ந்த ஐரிஷ் கான்ஸ்டபுலரி துப்பாக்கி ஏந்தி, ராணுவக் குடியிருப்பு போன்ற இடங்களில் தங்கி, மக்களிடமிருந்து விலகி இருந்த படை. பிரிட்டன் தன் காலனிகளுக்கு ஏற்றுமதி செய்தது பெரும்பாலும் இந்த ஐரிஷ் மாதிரியைத்தான். 1861ம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டத்திலும் இலங்கைப் போலீஸின் அமைப்பிலும் அதன் சாயலைக் காணலாம். ஆள்பவனுக்கு அண்டை வீட்டுக்காரன் போன்ற போலீஸ், ஆளப்படுபவனுக்குத் துப்பாக்கிப் போலீஸ். 2018ல் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, இந்த நீண்ட வரலாறுதான் என் நினைவுக்கு வந்தது.

லண்டன் போலீஸும் துப்பாக்கியைத் தொடாமலே இருந்துவிடவில்லை. ஆயுதமேந்திய திருடர்களால் காவலர்கள் கொல்லப்பட்டதை அடுத்து, 1884ல் புறநகர்ப் பிரிவுகளில் இரவு ரோந்து செல்பவர்கள் விரும்பினால் ரிவால்வர் எடுத்துச் செல்லலாம் என்று அனுமதி தரப்பட்டது. அது 1936 வரை நீடித்தது. 1909ல் டாட்டன்ஹாமில் கூலிப்பணத்தைப் பறித்த இருவரைத் துரத்தியபோது ஒரு காவலரும் பத்து வயதுச் சிறுவனும் குண்டுக்கு இறந்தார்கள். 1911 ஜனவரியில் சிட்னி தெருவில் ஒரு வீட்டுக்குள் பதுங்கியவர்களைப் பிடிக்க ராணுவத்தையே அழைக்க வேண்டியிருந்தது. உள்துறை அமைச்சர் சர்ச்சில் நேரில் போய் நின்றார். 1966 ஆகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் மூன்று போலீஸார் பட்டப்பகலில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் லண்டனில் முறையான துப்பாக்கிப் பயிற்சிப் பிரிவு தோன்றியது. 1991ல் ஆயுதங்களோடு சுற்றிவரும் ரோந்து வாகனங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் துப்பாக்கி என்ற கோரிக்கை எழுந்தது. ஒவ்வொரு முறையும் கிடைத்தது, சிலருக்கு மட்டும் கூடுதல் துப்பாக்கி, கூடுதல் பயிற்சி என்ற பதில்.

இந்தச் சிலர் யார்? எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். யாரையும் கட்டாயப்படுத்தி இந்தப் பணியில் சேர்க்க முடியாது. அனுமதி அட்டையை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். மேலதிகாரி உத்தரவிட்டார் என்பது மட்டும் சுட்டவரைக் காப்பாற்றாது. விசையை இழுப்பது அவரவர் முடிவு. அதன் நியாயத்தையும் அவரவரே நிறுவ வேண்டும். 1967ம் ஆண்டுச் சட்டம் சூழ்நிலைக்கு நியாயமான அளவு பலத்தை மட்டுமே அனுமதிக்கிறது. ஏன் காலில் சுடவில்லை என்று நாம் கேட்கிறோம். அசையும் கால் மிகச் சிறிய இலக்கு, தவறினால் குண்டு வேறு யார் மேலாவது பாயும் என்பதால், ஆபத்தை உடனே நிறுத்துவதற்காக உடலின் நடுப்பகுதியைக் குறிவைக்கத்தான் பயிற்சி தருகிறார்கள். போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் போலீஸுக்கு வெளியே உள்ள சுதந்திர விசாரணை அமைப்பு தானாகவே களத்தில் இறங்கும்.

காகிதத்தில் இது நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று மரணங்களைப் பார்த்தால் சிக்கல் புரியும்.

1999 செப்டம்பரில் ஹாரி ஸ்டான்லி என்பவர், பழுதுபார்த்த ஒரு மேசைக்காலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கிழக்கு லண்டனில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். ஒருவர் துப்பாக்கியோடு போகிறார் என்று போலீஸுக்குத் தகவல் போனது. இரண்டு காவலர்கள் சுட்டார்கள், அவர் இறந்தார். 2004ல் மரண விசாரணை ஜூரிகள் இதைச் சட்டவிரோதக் கொலை என்றார்கள். இருவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும், நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதக் காவலர்கள் தங்கள் அனுமதி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1919ம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரிட்டிஷ் போலீஸ் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. ஆனால் விருப்பப் பணியிலிருந்து விலகுவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாதே! அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கும் தொடரப்படவில்லை.

2005 ஜூலை 22 அன்று ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில் ஜான் சார்ல்ஸ் டி மெனசிஸ் என்ற 27 வயது பிரேசில் நாட்டு மின்பணியாளர் கொல்லப்பட்டார். 52 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்பு நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னொரு தாக்குதல் முயற்சி முந்தைய நாள் தோற்றிருந்தது. சந்தேக நபர் ஒருவரின் முகவரியாகத் தெரியவந்த கட்டடத்தில் மெனசிஸ் குடியிருந்தார். அவ்வளவுதான் அவருக்கும் அந்த வழக்குக்கும் இருந்த தொடர்பு. தடித்த மேலங்கி அணிந்திருந்தார், நுழைவாயில் தடுப்பைத் தாண்டிக் குதித்தார் என்று முதலில் பரவிய செய்திகள் இரண்டும் பொய்யென்று பின்னர் தெரிந்தது.

என் தொழிலில் ஒரு பெரிய மென்பொருள் நின்றுபோனால், கடைசியாகப் பிழை காட்டிய வரியைத் திட்டிவிட்டு யாரும் எழுந்துபோவதில்லை. எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் எப்படித் திரிந்தது என்று பின்னோக்கித் தேடுவோம். மெனசிஸ் வழக்கில் அப்படித் தேடினால், வாசலில் கண்காணித்தவர் அவர் வெளியே வந்த தருணத்தில் சரியாகப் பார்க்க முடியாமல் போனதிலிருந்து, கட்டுப்பாட்டு அறையில் 'அவனா இல்லையா' என்பது தெளிவாகாமலே போனது வரை சங்கிலி நீள்கிறது. சுட்டவர்கள் அதன் கடைசிக் கண்ணி. நீதிமன்றமும் ஒருவகையில் இதையே சொன்னது. தனிநபர் எவர்மீதும் வழக்கு இல்லை. 2007ல், தொழிற்சாலை விபத்துகளுக்குப் பயன்படும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் லண்டன் போலீஸ் நிறுவனத்துக்கு 1,75,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. தர்க்கப்படி சரிதான். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தத் தர்க்கம் போதுமா?

2022 செப்டம்பரில் தெற்கு லண்டனில் கிறிஸ் காபா என்ற 24 வயது கருப்பின இளைஞர், போலீஸ் மறித்த காருக்குள் ஒரே குண்டில் இறந்தார். அந்தக் கார் முந்தைய இரவு நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டோடு தொடர்புடையது. அவர் கையில் ஆயுதம் இல்லை. ஓராண்டு கழித்துச் சுட்ட காவலர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. மறுபடியும் பலர் துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். உதவிக்கு ராணுவத்தைத் தயாராக இருக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. 2024 அக்டோபரில் ஜூரிகள் சில மணி நேரத்திலேயே அவரை விடுதலை செய்தார்கள். இனி இப்படிக் குற்றம் சாட்டப்படும் ஆயுதக் காவலர்களின் பெயர், குற்றம் நிரூபணமாகும்வரை வெளியிடப்படாது என்ற ஏற்பாட்டை அரசாங்கம் அறிவித்தது.

இதற்கிடையே 2023ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் ஒரு நுட்பமான வேறுபாட்டை உறுதிசெய்தது. குற்றவியல் வழக்கில், ஆபத்து இருப்பதாகக் காவலர் நேர்மையாக நம்பினாரா என்பதுதான் கேள்வி; அந்த நம்பிக்கை தவறாக இருந்தாலும் அவர் தப்பலாம். துறைரீதியான ஒழுங்கு விசாரணையில் அது போதாது என்றது நீதிமன்றம். அந்தத் தவறு நியாயமான தவறா என்றும் பார்க்க வேண்டும் என்று அப்போது தீர்ப்பளித்தது. அரை நொடி முடிவை ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறீர்களே என்றது போலீஸ் தரப்பு. அந்த அரை நொடியில்தானே எங்கள் பிள்ளை போனான் என்றன குடும்பங்கள். இரண்டையுமே தள்ளிவிட முடியவில்லை.

ஆயுதமில்லாத காவலர்கள் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். 2012ல் மான்செஸ்டரில் பொய்யான அழைப்பை நம்பிப் போன பெண் காவலர்கள் இருவர் துப்பாக்கியாலும் கையெறி குண்டாலும் கொல்லப்பட்டார்கள். 2017ல் நாடாளுமன்ற வாசலில் தடியோடு நின்ற கீத் பாமர் கத்திக்குத்தில் இறந்தார். அப்படியும் மான்செஸ்டர் கொலைகளுக்கு மறுநாளே அந்த நகரப் போலீஸ் தலைவர், நாங்கள் ஆயுதமில்லாத படையாகவே இருக்க விரும்புகிறோம் என்றார். 2006ல் காவலர் சம்மேளனம் நடத்திய கருத்துக்கணிப்பில், எல்லோருக்கும் துப்பாக்கி வேண்டாம் என்றவர்கள் 82 சதவீதம். 2017ல் கேட்டபோது, வேண்டும் என்றவர்கள் மூன்றில் ஒருவராக உயர்ந்திருந்தார்கள். காற்று மெல்லத் திசை மாறுகிறது.

என் கட்சி இதுதான்: துப்பாக்கி சிலரிடம் மட்டும் இருப்பதால்தான் ஒவ்வொரு குண்டுக்கும் இங்கே கணக்குக் கேட்க முடிகிறது. எல்லோர் இடுப்பிலும் ஏறிவிட்டால் மரணங்கள் எண்ணிக்கையாகிவிடும். மேசைக்காலைத் தூக்கிப்போன ஒருவரின் பெயரை இருபத்தைந்து ஆண்டு கழித்து யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கணக்குக் கேட்பதை விசையை இழுத்தவரோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. அவர் காதில் விழுந்த தவறான தகவல் எந்த மேசையிலிருந்து புறப்பட்டதோ, அந்த மேசையில் இருந்தவரும் கூண்டுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனில் இன்னும் சரியாக நடக்காதது அதுதான்.