நோய் புலப்படுமுன்: ஜெஞ்சாரோம் வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் முதியோர் பேணல் – ஒரு வரலாற்று நோக்கு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்னும் தலைப்புடையது. அதனுள் மருந்தைத் தேடிச் செல்வோர் பெரிதும் உணவையே காண்பர். முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணுதலையே அதன் பெரும்பாலான குறள்கள் பேசுகின்றன. இறுதிக் குறள் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக எண்ணுகிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் முதல் மூன்றைப் பற்றியும் ஓரளவு எழுதியுள்ளனர். மலேரியாவால் மடிந்தோர், தோட்டத்து ஆஸ்பத்திரிகள், கொய்னா மருந்து ஆகியவை ஆவணங்களில் உள்ளன. நான்காமவரோ ஆவணங்களில் அரிதாகவே தென்படுகிறார். அவர் பெரும்பாலும் ஒரு மகளாகவோ மருமகளாகவோ இருந்தமையும், அவர் பணிக்குச் சம்பளம் இன்மையும் இதற்குக் காரணங்கள் ஆகலாம். நோய் வெளிப்படுமுன்னரே வீட்டில் முதியோரைப் பேணுதல் நம் தோட்டக் குடும்பங்களில் ஏன் வேரூன்றவில்லை என்பதை, ஜெஞ்சாரோம் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

வட்டாரமும் அதன் முன்கதையும்

ஜெஞ்சாரோம் சிலாங்கூர் மாநிலத்தின் கோலலங்காட் மாவட்டத்தில், கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின்னர்ச் சீனர்களைக் குடியேற்றி உருவாக்கப்பட்ட புதுக்கிராமம் என்றே இவ்வூர் பலராலும் அறியப்படுகிறது. தமிழர் வரலாறு ஊரின் நடுவில் இல்லை; சுற்றியிருந்த தோட்டங்களில் இருக்கிறது. முதலில் பால்மரக் காடுகளாகவும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களாகவும் விளங்கிய இக்கரையோரச் சமவெளி, மேற்கே கேரித் தீவு வரை நீள்கிறது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் தாழ்நிலம் ஆதலால், காடு வெட்டிய நாள் தொட்டுக் காய்ச்சலுக்குப் பெயர் பெற்ற நிலமும் இதுவே.

வருமுன் காக்கும் மருத்துவம் உலகக் கவனத்தை ஈர்க்கும் அளவு வெற்றிபெற்ற இடங்களுள் ஒன்று, இவ்வட்டாரத்தை அடுத்துள்ள கிள்ளான் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1901இல் அங்கு மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், கிள்ளான் நகரையும் புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் மலேரியா சூறையாடியதைக் கண்டார். அவர் தம் நூலில் தரும் கணக்கின்படி, அவ்விரண்டு இடங்களிலும் 1901இல் இறந்தோர் 582 பேர். சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டபின், 1902இல் இறந்தோர் 144 பேர். இவ்வீழ்ச்சிக்கு அடிப்படை புதிய மருந்து அன்று, வடிகால்.

வாட்சன் பின்னர்த் தோட்டங்களுக்குச் சென்றபோது கையாண்ட முறை நம் பொருளோடு இன்னும் நெருங்கிய தொடர்புடையது. லயங்களில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருந்தோரை அவர் எண்ணினார். காய்ச்சலில் படுத்திராத குழந்தையின் உடலே அத்தோட்டம் எவ்வளவு நோய்ப்பட்டது என்பதைச் சொல்லிவிட்டது. நோயாளியாகத் தோன்றாதவரிடம் நோயைத் தேடுதல் என்னும் இம்முறை, நூறாண்டுக்கு முன்பே நம் முன்னோர் வாழ்ந்த லயங்களில் நடந்தேறியிருக்கிறது. ஆயினும் அது தோட்டத்தின் உற்பத்தியைக் காக்க வந்த முறையாகும். காய்ச்சல் மிகுந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்தால் பால் குறையும். உழைக்கும் வயதைக் கடந்தவரைப் பற்றி அக்கணக்குக் கவலைப்படவில்லை.

முதியவருக்குச் சட்டம் வைத்த பெயர்

கங்காணி முறையில் ஆள் சேர்த்தவர்கள் இளம் வயதினரையே நாடினர். எனவே தொடக்கக் காலத் தோட்டங்களில் முதியோர் மிகச் சிலரே இருந்தனர். 1907இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி (பின்னாளில் இந்தியர் குடியேற்ற நிதி) ஆள்களைக் கொண்டுவருவதற்கான செலவை ஏற்றதோடு, மூப்பாலும் நோயாலும் உழைக்க இயலாதவரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்றது. நிருவாக ஆவணங்களில் அத்தகையோர் 'தளர்ந்தோர்' என்னும் பொருள்படும் சொல்லால் சுட்டப்பட்டனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அப்பிள்ளைகளின் பாட்டிக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி எழவே இல்லை எனலாம். பாட்டி ஊரில் இருக்கிறாள் என்பதே அக்கால நிருவாகத்தின் எடுகோள்.

1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்தியபோது இவ்வெடுகோள் ஆட்டங்கண்டது. போரும், சயாம்-பர்மா இரயில் பாதைக்கு ஆள் பிடித்தமையும் குடும்பங்களைச் சிதைத்தன. போருக்குப்பின் இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டோர் இங்கேயே மூப்பெய்தினர். 1958இல் பழைய நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டது. அதுவும் 1999இல் சட்டப்படி கலைக்கப்பட்டது. 1951இல் சட்டமான தொழிலாளர் சேமநிதி, 55 வயதில் கையில் ஒரு தொகையைக் கொடுத்தது. அத்தொகை மகள் திருமணத்திலோ வீட்டு முன்பணத்திலோ கரைந்த கதையை இவ்விதழின் வாசகர்களில் பலர் தம் வீடுகளிலேயே அறிந்திருப்பர்.

பெரட்டு என்னும் அளவுகோல்

நம் கருத்தில், முதியோர் பேணலைத் தீர்மானித்தது இச்சட்டங்களைக் காட்டிலும் பெரட்டுக் களமே. விடியுமுன் பெயர் கூப்பிடும் அவ்விடத்தில் வந்து நிற்பவர் நலமானவர். வராதவர் நோயாளி அல்லது சோம்பேறி. டிரெசரிடம் சீட்டு வாங்கினால் நோயாளி. செக்ரோல் புத்தகத்தில் பெயர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலைக்கு, அதாவது நடமாடிக்கொண்டே உள்ளுக்குள் தேய்ந்துவரும் உடலுக்கு, அப்புத்தகத்தில் கட்டம் இல்லை.

இதனோடு வீடும் பிணைந்திருந்தது. லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். வேலை இருக்கும்வரையில்தான் அதில் குடியிருப்பு. வயது முதிர்ந்தோர் தங்கியிருப்பது மகனோ மகளோ செக்ரோலில் இருப்பதைப் பொறுத்தது. மரம் வெட்ட முடியாதவருக்குப் புல் வெட்டு, லயம் கூட்டுதல், ஆயாக் கொட்டகையில் குழந்தை பார்த்தல் என இலகு வேலைகள் கொடுக்கப்பட்டன. அவ்வேலையும் போய்விடக் கூடாதே என்ற அச்சத்தில், கண் மங்குவதையும் கால் மரத்துப்போவதையும் மறைத்தல் முதியவரின் இயல்பாயிற்று. இதை அறியாமை என்று எழுதிச் செல்வோர் உண்டு. நாம் அதனை ஏற்கவில்லை. நோயைச் சொன்னால் கூரை போகும் என்ற நிலையில் அதைச் சொல்லாதிருப்பது அறிவுடைய செயலே. கெடுபயன் வேறு இடத்தில் நேர்ந்தது: மறைத்தல் பழக்கமாகி, அப்பழக்கம் பெரட்டுக் களம் மறைந்த பின்னும் வீட்டிற்குள் தங்கிவிட்டது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டம், மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டபின் தீவிரமடைந்து, இராணுவம் வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழக்கும் அளவுக்குச் சென்றது. கூலி உயர்வும், துரைமார் முன் சைக்கிளிலிருந்து இறங்க மறுக்கும் உரிமையும் வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படுகின்றன. அதே கோரிக்கைப் பட்டியலில் தக்க மருத்துவ வசதியும், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோகும் உரிமையும் இடம்பெற்றிருந்தன. பின்னதைப் பலர் ஒரு சங்க உரிமையாகவே படிக்கின்றனர். அது பேணலுக்கான உரிமையுமாகும். அடுத்த தோட்டத்து மகள் தாயை வந்து பார்க்கத் துரையின் அனுமதி வேண்டியிருந்த காலத்தில், தாயின் நடை தளர்ந்ததை யார் முதலில் கண்டிருக்க முடியும்?

செம்பனைக்குப் பின்

பால்மரம் செம்பனையாக மாறியபோது உழைப்பின் தன்மையும் மாறிற்று. ஆண்கள் குலை வெட்டினர். பெண்கள் பலர் தோளில் தோம்பைச் சுமந்து மருந்து அடித்தனர். அம்மருந்துகளுள் ஒன்றான பாராகுவாட்டை மலேசியா 2002இல் தடைசெய்ய முடிவெடுத்து, 2006இல் அம்முடிவைத் தளர்த்தி, இறுதியில் 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து முற்றாகத் தடைசெய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை அடித்த பெண்கள் இன்று பாட்டிமார். நகத்தின் நிறமாற்றம், தோல் அரிப்பு, கண் எரிச்சல் ஆகியவற்றை 'வயசாச்சு' என்ற ஒரே சொல்லில் அவர்கள் முடித்துக்கொள்கின்றனர். பிள்ளைகளும் அவ்வாறே. மருத்துவமனைப் பதிவேடு அவரது வயதையும் முகவரியையும் அறியும். இருபதாண்டுக் காலம் எதைச் சுமந்தார் என்பதை வீட்டார் சொன்னாலன்றி அறியாது.

தோட்டங்கள் வீடமைப்பிற்கும் தொழிற்பேட்டைக்கும் வழிவிட்டபோது, குடும்பங்கள் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. லயத்து வாழ்வை நாம் பொற்காலமாக்க விரும்பவில்லை. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பலகைச் சுவருக்கு அப்பால் இருமியவரின் இருமல் பக்கத்து வீட்டாருக்குக் கேட்டது. குழாயடிக்கு வராத கிழவியை மூன்றாம் வீட்டுப் பெண் தேடி வந்தாள். யாரும் திட்டமிடாமலேயே நடந்த இக்கண்காணிப்பு, கல் வீட்டிற்குள் நுழைந்ததும் நின்றுபோயிற்று. உணவோ நிற்கவில்லை. விடியற்காலை முதல் மரம் மரமாக நடந்தவருக்கு அளந்த சோறும், டின் பால் ஊற்றிய தேநீரும், நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கும் அதே அளவில் தொடர்ந்தன.

இதன் விளைவைப் புள்ளிவிவரம் ஓரளவு காட்டுகிறது. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நம் பொருளுக்கு இதைவிட முக்கியமான எண் மற்றொன்று. நாட்டளவில் அந்த 18.3 விழுக்காட்டில் 8.9 விழுக்காட்டினர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். ஏறக்குறையப் பாதிப்பேர்! அவர்கள் அனைவரும், பழைய அளவுகோலின்படி, பெரட்டில் நிற்கக் கூடியவர்கள். இரத்த அழுத்தமும் இத்தகையதே. பெரும்பாலோருக்கு அது எந்த அறிகுறியும் இன்றி ஏறுகிறது.

2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டம், குறைந்த வருமானம் பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச உடற்பரிசோதனை வழங்குகிறது. பரிசோதனை ஒரு நாள் நிகழ்வு. எஞ்சிய நாள்களில் காண்பது வீடே. வீடு காணக் கூடியவை சிறியவை. நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றத் தொடங்கியது எப்போது? இரவில் எத்தனை முறை கழிப்பறைக்கு எழுகிறார்? இடுப்பில் சேலை முன்னைவிட ஒரு சுற்று மிகுதியாக வருகிறதா? உள்ளங்காலில் உணர்வின்றிப் பட்ட புண் உண்டா? குழம்பில் உப்பு இருமுறை விழுகிறதா? வயது ஏற ஏறத் தாகம் குறைவதால், கேட்டுத் தண்ணீர் கொடுப்பதும் குளியலறைத் தரையை உலர வைப்பதும் இப்பணியைச் சார்ந்தவை. மேற்சொன்னவற்றை அறியப் பட்டம் தேவையில்லை. ஒரே ஆள் தொடர்ந்து பார்த்துவருதல் தேவை. அந்த ஆள் மருமகளாக மட்டுமே இருக்க வேண்டியதும் இல்லை.

ஜெஞ்சாரோமின் அண்மைய வரலாற்றிலும் இதற்கொரு சான்று கிடைக்கிறது. 2018இல் சீனா கழிவு நெகிழியின் இறக்குமதியைத் தடுத்தபின், அக்கழிவு இவ்வட்டாரத்தின் உரிமம் பெறாத ஆலைகளுக்கு வந்து குவிந்தது. இரவில் எரித்த நாற்றத்தையும் தம் வீட்டாரின் இருமலையும் கொண்டு முதலில் ஐயுற்றவர்கள் ஊர் மக்களே. அவர்கள் ஒன்றுகூடிக் குறிப்பெடுத்து முறையிட்ட பிறகே அதிகாரிகள் வந்தனர். பல ஆலைகள் மூடப்பட்டன. லயத்துச் சுவர் வழியாகக் கேட்ட இருமல், இங்கு ஓர் ஊர் முழுவதற்கும் கேட்டிருக்கிறது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இவ்வாய்வின் வழி ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதும் குடும்ப வரலாற்றுப் பயிற்சியில், பெரும்பாலும் பிறந்த ஊரும் வந்த கப்பலும் இடம்பெறுகின்றன. அவற்றோடு, எந்தத் தோட்டத்தில், எந்த வேலையை, எத்தனை ஆண்டு செய்தார், மருந்து அடித்தாரா, காண்டா எந்தத் தோளில் சுமந்தார் என்பனவும் எழுதப்படட்டும். அத்தாளின் ஒரு படி பள்ளிக்கும், மற்றொன்று அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது பாட்டியின் கைப்பைக்கும் உரியன.