இதப் புடிச்சு என்ன செய்யப் போற?

2020 ஊரடங்கின்போது பழங்காநத்தத்தில் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையை மொபைலில் வீடியோ எடுத்தேன். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். வரிசையில் நின்ற ஒரு அப்பத்தா கேட்டது: "ஏம்ப்பா, இதப் புடிச்சு என்ன செய்யப் போற? எங்களுக்கு ரெண்டு கிலோ கூடக் கெடைக்குமா?" பதில் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி ஆவணப்பட வரலாற்றில் ரொம்பப் பழசு என்று பிறகுதான் தெரிந்தது.

1935இல் ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' எடுத்தார்கள். உலகப் பொருளாதாரப் பெருமந்தக் காலம். ஏழைகளைப் பற்றி வர்ணனையாளர் பேசுவதுதான் அன்றைய வழக்கம். இவர்களோ கனமான ஒலிப்பதிவுக் கருவிகளைச் சேரி வீடுகளுக்கே கொண்டுபோனார்கள். எலித் தொல்லையையும் இடிந்த சுவரையும் பற்றி அங்கே குடியிருந்தவர்களே கேமராவைப் பார்த்துப் பேசினார்கள். பெரிய பாய்ச்சல்தான். ஆனால் படத்துக்குப் பணம் போட்டது எரிவாயுத் தொழில். புதுக் குடியிருப்புகள் வந்தால் காஸ் அடுப்பு விற்கும், இல்லையா?

நம் நாட்டில் 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் வந்தது. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் அதன் படங்களைக் கட்டாயம் போட வேண்டியிருந்தது. அவற்றில் பெரும்பாலும் வர்ணனையாளரின் குரல்தான்.

1981 ஜூலையில் பம்பாய் நடைபாதைவாசிகளின் குடிசைகளை இடித்து, அவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்ப மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. அப்படிச் சேலத்துக்கு பஸ் ஏற்றப்பட்ட ஒரு நிலமற்ற கூலித் தொழிலாளி, வேலை தேடி மறுபடி பம்பாய்க்கே திரும்பினார். அவரும் சேர்ந்து போட்ட வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புரிமை வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. ஆனாலும் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது.

அதே ஆண்டு ஆனந்த் பட்வர்தனின் 'ஹமாரா ஷஹர்' வந்தது. குடிசை இழந்தவர்களும் அதிகாரிகளும் வசதியானவர்களும் அதில் பேசுகிறார்கள். ஒரு பெண் பட்வர்தனையே திட்டுகிறார்: எங்களைப் படம் எடுத்து நீ பேர் வாங்கிக்குவே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்கிற கோபம். வெட்டி எறிந்திருக்கலாம். அவர் வெட்டவில்லை.

1986இல் சஞ்சய் காந்தி நகர் இடிக்கப்பட்டபோது, அந்த மக்களோடு பட்வர்தன் உண்ணாவிரதம் இருந்தார். அவர்களுக்குக் கோரேகாவில் மாற்று இடம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. படத்துக்கு வெளியேதான் கொஞ்சம் கிடைத்தது.

என் வீடியோ நாற்பது விநாடி. இன்னும் மொபைலில் இருக்கிறது. அப்பத்தா பேசியது மட்டும் அதில் இல்லை. கேள்வி வந்ததுமே நான் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டேன்.